சாப்பிட்டும் உடல் உருகுவது ஏன்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னை நோக்கிப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? மரக்காணம் நெருங்கும்போது வெட்டவெளியில் பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரும், இடையிடையே வெள்ளைக் குவியல்களும் கண்ணில் படும். அவை உப்பளங்கள். கோடை முழுவதும் அங்கே உப்பு வாரும் வேலை நடக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கிவிடும், வேலையும் நின்றுவிடும்.

அந்த உப்பளங்களுக்கு வேலைக்குப் போகும் ஒருவரை மனத்தில் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஊர் மரக்காணத்தை அடுத்த பிரம்மதேசம். வயது 55. எடை 60 கிலோ. ஒவ்வொரு கோடையிலும் வெயிலிலும் உழைப்பிலும் இரண்டு கிலோ இளைப்பார். மழைக்காலத்தில் வீட்டில் இருந்து சாப்பிட்டு அதைத் திரும்பப் பெற்றுவிடுவார். இந்த ஆண்டு அது திரும்பவில்லை. தை பிறந்தபோது அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டில் அந்தக் கயிறுதான் கருவி! சோற்றைக் கண்டால் அவருக்கு வெறுப்பாக இருக்கிறது. நாலு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். மனைவி மீன் குழம்பு வைத்துப் பார்க்கிறார், கஞ்சி வைத்துப் பார்க்கிறார். "ஒழுங்காகச் சாப்பிட்டால் இப்படி ஆகுமா?" என்று வருந்துகிறார், சில சமயம் கோபித்தும் கொள்கிறார். பக்கத்து வீட்டார், "சர்க்கரை வியாதியாக இருக்கும், இளைக்கத்தான் செய்யும்" என்கிறார்கள்.

இவருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று வைத்துக் கொள்வோம். நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: இரைப்பையில் ஒரு கட்டி இருந்தால் தொடையிலும் தோளிலும் உள்ள சதை ஏன் கரைய வேண்டும்?

சாப்பாடு இறங்காததால்தான் என்பது உடனே தோன்றும் விடை. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதிதான் உண்டு. அந்த மனைவி தம்மீதும் கணவர்மீதும் சுமத்தும் பழி எவ்வளவு தவறானது என்பது மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

முதலில் எளிய காரணங்களைப் பார்த்துவிடுவோம். உணவுக்குழாயில் புற்று வளர்ந்தால் வழி குறுகி, முதலில் இட்லி விக்கும், பிறகு கஞ்சியும் விக்கும். இரைப்பையில் வளர்ந்தால் அதன் சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. அதனால் சிறிது உண்டாலே நிறைந்த உணர்வு. கணையத்தில் வளர்ந்தால் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்க வைக்கும் நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. உண்ட கொழுப்பு மலத்தோடு போய்விடும். பித்தநீர் வரும் குழாய் அடைபட்டாலும் இதே கதைதான். பெருங்குடலில் வளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து, இரும்புச்சத்து ஒழுகிப் போகும். இவையெல்லாம் குழாய் அடைப்பும் கசிவும் போன்றவை. கொத்தனாருக்கும் குழாய் ரிப்பேர்க்காரருக்கும் புரியக்கூடிய கோளாறுகள்!

ஆனால் குழாயை வைத்து விளக்க முடியாத ஒன்று மிஞ்சுகிறது. போதிய உணவைக் குழாய் வழியாகவோ இரத்த நாளத்தின் வழியாகவோ செலுத்தினாலும், இந்நோயாளிகள் பலருக்கு இழந்த சதை திரும்புவதில்லை. 1980-களில் இதைப் பல மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். இரத்த நாளம் வழியாக முழு உணவையும் ஊட்டியும், மருந்துச் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளின் ஆயுள் அதனால் நீளவில்லை. இது வெறும் பட்டினியாக இருந்தால் அப்படி ஆகியிருக்குமா?

பட்டினி என்பது என்ன?

இதை அறிய, நல்ல உடல் பட்டினியை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை இல்லாத ஓர் உப்பளக் குடும்பம் என்ன செய்யும்? முதலில் கையில் உள்ள காசைச் செலவழிக்கும். அது தீர்ந்தால் குதிரில் உள்ள நெல்லை எடுக்கும். கூடவே செலவைக் குறைத்துக் கொள்ளும். மண்வெட்டியையும் உப்பு வாரும் பலகையையும் மட்டும் எளிதில் விற்காது. மழை விட்டதும் பிழைப்புக்கு அவை வேண்டும் அல்லவா?

உடலும் இப்படிப்பட்ட சிக்கனக்காரர்தான். கையில் உள்ள காசு, கல்லீரலில் சேமித்துள்ள கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள். சுமார் 100 கிராம்தான். ஒரு நாளில் தீர்ந்துவிடும். குதிரில் உள்ள நெல், கொழுப்பு. ஒருவரிடம் 10 கிலோ கொழுப்பு இருந்தால் அது ஏறக்குறைய 90,000 கலோரி. பல வாரங்களுக்குத் தாங்கும். மண்வெட்டியும் பலகையும்தான் தசைகள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம். கொழுப்பைக் கொண்டு அவ்வளவு குளுக்கோஸ் செய்ய முடியாது. தசையின் புரதத்தை உடைத்துத்தான் செய்ய முடியும். அதனால் பட்டினியின் முதல் நாட்களில் தினமும் 75 கிராம் அளவுக்குப் புரதம் கரைகிறது. ஒரு கிலோ தசையில் புரதம் சுமார் 200 கிராம்தான். மற்றது பெரும்பாலும் நீர். ஆகவே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 375 கிராம் தசை போகிறது என்று பொருள். இப்படியே போனால் மூன்று நான்கு வாரங்களில் மூச்சு விடும் தசைகளும் தளர்ந்துவிடும். ஆனால் உடல் விடுவதில்லை. கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருள்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. மூளை மெல்ல மெல்ல அவற்றைத் தின்னப் பழகிக் கொள்கிறது. சில வாரங்களில் புரதச் செலவு நாளைக்கு 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் கேஹில் என்னும் மருத்துவர் 1960-களில் நெடுநாள் உண்ணாவிரதம் இருந்தவர்களை ஆராய்ந்து இக்கணக்கைத் தெளிவாக்கினார். சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலும் பட்டினியில் குறைந்துவிடுகிறது. உணவு வந்ததும் எல்லாம் பழையபடி திரும்பும். நம் உப்பளத் தொழிலாளி ஒவ்வொரு மழைக்காலத்திலும் எடையைத் திரும்பப் பெற்றது இந்த ஏற்பாட்டால்தான்.

புற்றுநோயில் இந்தச் சிக்கனம் குலைந்துபோகிறது. குதிரில் நெல் இருக்கும்போதே மண்வெட்டி விலைக்குப் போகிறது. கொழுப்பும் தசையும் ஒரே சமயத்தில் கரைகின்றன. குறைய வேண்டிய ஆற்றல் செலவு குறைவதில்லை. கணையப் புற்று உள்ள பலருக்கு அது கூடவும் செய்கிறது. உணவு வந்தாலும் தசை கட்டும் வேலை சரிவரத் தொடங்குவதில்லை. வளர்சிதை மாற்றம் என்று நாம் பாடப் புத்தகத்தில் படிப்பது உடலின் இந்த வரவு செலவையே. அந்தக் கணக்கையே புற்று மாற்றி எழுதிவிடுகிறது. இந்நிலைக்கு மருத்துவர்கள் கொடுத்த பெயர் காக்கெக்சியா. கெட்ட நிலை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. தமிழில் உடல் உருக்கம் எனலாம்.

இது எவ்வளவு பரவலானது? அமெரிக்காவில் 3,000-க்கு மேற்பட்ட புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 1980-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற அறிக்கை, மருந்துச் சிகிச்சை தொடங்குமுன்பே யார் யார் இளைத்திருந்தார்கள் என்று கணக்கெடுத்தது. இரைப்பை, கணையப் புற்று உள்ளவர்களே பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் எடை இழந்திருந்தனர். இளைத்தவர்கள் இளைக்காதவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்பதையும் அதே அறிக்கை காட்டியது.

இரண்டு காசு வரவு, ஆறு காசு செலவு

கணக்கு எங்கே புரள்கிறது? முதல் தடயம் கிடைத்தது பெர்லின் நகரில். 1920-களில் ஆட்டோ வார்பர்க் என்னும் விஞ்ஞானி, புற்று உயிரணுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குவதையும், பக்கத்தில் பிராணவாயு தாராளமாக இருந்தும் அதை முழுதும் எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கித் துப்புவதையும் கண்டார். நீங்கள் வேகமாக ஓடும்போது கால் தசைகள் சிறிது நேரம் செய்யும் வேலையைப் புற்று இரவும் பகலும் செய்கிறது.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுதும் எரித்தால் ஏடிபி என்னும் ஆற்றல் நாணயம் சுமார் 30 கிடைக்கும். லாக்டிக் அமிலத்தோடு நிறுத்திவிட்டால் 2 மட்டுமே. புற்று ஏன் இப்படி ஊதாரித்தனம் செய்கிறது? அதன் எரிக்கும் உறுப்பு பழுதாகிவிட்டது என்று வார்பர்க் எண்ணினார். பெரும்பாலான புற்றுகளில் அது பழுதாகவில்லை என்று பிற்காலத்தில் தெரிந்தது. வேகமாகப் பெருகும் உயிரணுவுக்கு ஆற்றலைவிடக் கட்டுமானப் பொருள்களே அவசரத் தேவை. குளுக்கோஸைப் பாதியில் நிறுத்தினால் அப்பொருள்களைச் செய்யத் தோதாக இருக்கிறது என்பது இன்றைய விளக்கம். புற்றின் இந்தப் பசியையே நாம் அதற்கு எதிராகப் பயன்படுத்துகிறோம்! கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, அது எங்கே போய்க் குவிகிறது என்று படம் பிடிப்பதே பெட் ஸ்கேன்.

துப்பிய லாக்டிக் அமிலம் என்ன ஆகிறது? இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாகச் செய்து அனுப்புகிறது. இச்சுழற்சியைக் கண்டறிந்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்னும் தம்பதியர். 1947-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். இதில் கவனிக்க வேண்டியது செலவு. குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கிப் புற்று பெறுவது 2 ஏடிபி. அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கக் கல்லீரல் செலவழிப்பது 6 ஏடிபி. ஒவ்வொரு சுற்றிலும் உடலுக்கு 4 நட்டம். குத்தகைக்காரர் இரண்டு ரூபாய் சம்பாதிக்க, நிலத்துக்காரர் ஆறு ரூபாய் இறைப்பது போன்ற ஏற்பாடு இது.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தராசை எடுத்து நிறுத்துப் பார்த்தால் இடிக்கிறது. கட்டியின் எடை பலருக்குச் சில நூறு கிராம்தான் இருக்கும். ஆனால் நோயாளி இழப்பதோ எட்டு, பத்து கிலோ. இவ்வளவு சிறிய கட்டி அவ்வளவையும் தானே தின்றிருக்க முடியாது. தின்பதைவிட ஏதோ சொல்லி அனுப்புகிறது என்றே கொள்ள வேண்டும். அந்தச் செய்தி என்ன?

கட்டி அனுப்பும் செய்திகள்

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டிரிப்பனோசோம் என்னும் ஒட்டுண்ணி ஆப்பிரிக்காவில் மாடுகளை எலும்பும் தோலுமாக்குகிறது. மிகச் சில ஒட்டுண்ணிகள் இருந்தாலே பிராணி உருகிவிடுவது ஏன் என்று நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆண்டனி செராமி ஆராய்ந்தார். பிராணியின் சொந்த வெள்ளணுக்களே ஒரு பொருளைச் சுரந்து உடலை உருக்குகின்றன என்று தெரிந்தது. அதற்குக் காக்கெக்டின் என்று பெயரிட்டார்கள். அவரோடு பணிபுரிந்த புரூஸ் பாய்ட்லர் 1985-இல் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. கட்டிகளை அழிக்கும் பொருள் என்று வேறு சிலர் முன்பே கண்டுபிடித்து டிஎன்எஃப் எனப் பெயரிட்டிருந்ததும் அதுவும் ஒன்றே! நோயை எதிர்க்கப் பிறந்த ஆயுதமே உடலையும் உருக்குகிறது.

டிஎன்எஃப் ஒன்றைத் தடுத்தால் உருக்கம் நின்றுவிடும் என்று நம்பிக்கை பிறந்தது. கணையப் புற்றுநோயாளிகளிடம் தடுத்துப் பார்த்தார்கள், எடை கூடவில்லை. செய்தி கொண்டுபோகும் தபால்காரர் ஒருவர் அல்லர், பலர். இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 எனப் பல பொருள்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன. புற்றும் சுரக்கிறது, புற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சுரக்கின்றன. காய்ச்சல் கண்டவர் உடலில் சில நாட்கள் மட்டும் இருக்கும் அழற்சி நிலை, புற்றுநோயாளிக்கு மாதக் கணக்கில் தொடர்கிறது.

இச்செய்திகள் கல்லீரலுக்குப் போனால், அது வழக்கமான ஆல்புமின் புரதத்தைக் குறைத்துக் கொண்டு அழற்சிக் காலப் புரதங்களை ஏராளமாகச் செய்யத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எங்கிருந்து வரும்? தசையிலிருந்து. தசைப் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களின் விகிதம் வேறு. புதுப் புரதத்துக்கு வேண்டிய விகிதம் வேறு. ஆகவே ஒரு பங்கு செய்ய ஒரு பங்குக்கு மேல் இடிக்க வேண்டியிருக்கிறது. பத்து ஜன்னல் வேண்டும் என்பதற்காக ஐந்து வீடுகளை இடிப்பது போல. மிஞ்சிய செங்கல் வீணாகிறது.

தசைக்குள் இடிக்கும் வேலையைச் செய்யும் இயந்திரம் நம் எல்லோரிடமும் உள்ளதுதான். பழைய புரதங்களின்மேல் யுபிக்விட்டின் என்னும் ஒரு சிறு புரதத்தை அடையாளச் சீட்டாக ஒட்டி, சீட்டு ஒட்டியவற்றை நறுக்கிப் போடுவது அதன் வேலை. இதைக் கண்டறிந்த சீக்கானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உருக்க நோயில் நல்ல புரதங்களின்மேலும் சீட்டு ஒட்டப்படுகிறது. புதுத் தசை கட்டும் வேலையும் மந்தமாகிறது. இடிப்பது கூடி, கட்டுவது குறைந்தால் தோள் எலும்பு துருத்தாமல் என்ன செய்யும்?

கொழுப்பணுக்களுக்கும் இதே போன்ற உத்தரவு போகிறது. சேமித்ததை வெளியே விடுகின்றன. இரும்பின் கணக்கும் தப்புவதில்லை. இன்டர்லூக்கின்-6 தூண்டுவதால் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனை அதிகம் சுரக்கிறது; அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதையும் கிடங்கிலிருந்து வெளிவருவதையும் பூட்டிவிடுகிறது. பெருங்குடல் புற்றில் கசிவு ஒரு பக்கம், பூட்டு மறு பக்கம். வயதான ஓர் ஆணுக்குக் காரணம் தெரியாமல் இரத்தசோகை வந்தால் மருத்துவர் இரும்பு மாத்திரையோடு நிறுத்தாமல் குடலையும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

இனி, பக்கத்து வீட்டார் சொன்ன சர்க்கரைக்கு வருவோம். அழற்சிச் செய்திகளால் தசைகள் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. உண்ட குளுக்கோஸ் தசைக்குள் போகாமல் இரத்தத்திலேயே சுற்றுகிறது. கணையப் புற்றில் இது மிக முன்னதாகவே தெரிகிறது. அந்நோயாளிகள் பலருக்குக் கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் அல்லது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்தான் சர்க்கரை நோய் புதிதாக வந்திருக்கிறது. அதற்காகச் சர்க்கரை வந்த ஒவ்வொருவரும் பயப்பட வேண்டாம். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை கண்டவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே கணையப் புற்று இருந்தது. ஆனால், அந்த வயதில் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சர்க்கரை திடீரென்று வந்து, கூடவே எடையும் மளமளவென்று இறங்கினால், "சர்க்கரைக்கு இளைக்கத்தான் செய்யும்" என்று இருந்துவிடக் கூடாது. நம் நாட்டில் காரணமில்லாத இளைப்பு என்றால் காசநோயையும் மறக்கக் கூடாது. எதுவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய்களே இவை.

எவ்வளவு இளைத்தால் கவலைப்பட வேண்டும்? 2011-இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி ஓர் எல்லை வகுத்தார்கள்: உணவைக் குறைக்க முயலாமலேயே ஆறு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால், அது புற்றுநோயாளிக்கு உருக்கத்தின் அடையாளம். நம் தொழிலாளியின் 60 கிலோவில் ஐந்து சதவீதம் வெறும் 3 கிலோ. அரைஞாண் கயிறு நழுவும்போது அந்த எல்லையைத் தாண்டியிருப்பார்.

உப்புக் கரையில் இருந்து கொண்டு உப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் கேட்பீர்கள். உப்பை வாருவதைப் பற்றிய பேச்சு இல்லை இது, உண்பதைப் பற்றியது. இரைப்பைப் புற்றுக்கு முதன்மையான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் 1982-இல் அதை இரைப்பையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். 2005-இல் நோபல் பெற்றார்கள். மிகுந்த உப்பும் உப்பில் பதப்படுத்திய உணவும் இரைப்பையின் உள்தோலைப் புண்படுத்தி அக்கிருமிக்குத் துணை போகின்றன. புகையிலையும் ஒரு காரணம். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோது, ஆண்களிடையே முதலிடத்தில் இருந்தது இரைப்பைப் புற்றே.

பசி எங்கே போயிற்று?

நாலு கவளத்தில் நிறைந்துவிடும் வயிற்றுக்குத் திரும்புவோம். பசி என்பது வயிற்றின் வேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வயிறும் மூளையும் பேசிக் கொள்ளும் பேச்சு. இரைப்பை காலியானால் கிரெலின் என்னும் ஹார்மோனைச் சுரந்து மூளைக்கு அனுப்புகிறது. மூளை பசியை உணர்கிறது. ஜப்பானியரான கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் இதைக் கண்டறிந்தனர். புற்றுக்காக இரைப்பையை முழுதும் எடுத்துவிட்டால் கிரெலின் பெரிதும் குறைந்துவிடும். பசியும் அதனோடு போய்விடும். இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. புற்றும் வருந்தும் திசுக்களும் சுரக்கும் ஜிடிஎஃப்-15 என்னும் பொருள் மூளையின் அடிப்பகுதியில் ஒரு தனிப் பூட்டில் போய்ப் பொருந்தி, குமட்டலையும் உணவு வெறுப்பையும் உண்டாக்குகிறது. அந்தப் பூட்டு இருக்கும் இடம் 2017-இல்தான் தெரிந்தது.

ஆகவே நம் தொழிலாளி அடம் பிடித்துச் சாப்பிடாமல் இருக்கவில்லை. மீன் குழம்பின் மணம் குமட்டுவது அவர் மனைவியின் கைப்பக்குவத்தின் குற்றமும் அன்று. அவர் மூளைக்கு வேறு இடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. வற்புறுத்தி ஊட்டுவதால் சண்டைதான் மிச்சம்.

அதற்காக உணவு பயனற்றது என்று கொள்ளக் கூடாது. இதற்கு எதிர்ப்பக்கத் தவறு ஒன்று இப்போது பரவி வருகிறது. "புற்று சர்க்கரையைத் தின்கிறது, ஆகையால் சோற்றை நிறுத்திப் பட்டினி போட்டால் புற்று செத்துவிடும்" என்கிறார்கள். இதுவரை படித்த நீங்களே இதற்கு விடை சொல்லிவிடலாம். சோற்றை நிறுத்தினால் கல்லீரல் தசையை உடைத்துக் குளுக்கோஸ் செய்து அனுப்பும். புற்றுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். நோயாளிக்குத்தான் நடக்கக் கால் இராது. அறுவையையும் மருந்தையும் தாங்கும் வலிமை அந்தக் காலில்தான் இருக்கிறது.

நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரியும், ஒன்று முதல் ஒன்றரை கிராம் புரதமும் வேண்டும் என்பது மருத்துவ நூல்கள் தரும் அளவு. நம்மவருக்கு அது 60 முதல் 90 கிராம் புரதம். சோறும் குழம்பும் மட்டும் உண்டால் அதில் பாதியும் தேறாது. முட்டை, மீன், பால், தயிர், வேர்க்கடலை, பயறு ஆகியவற்றை மூன்று வேளையாக அல்லாமல், ஆறேழு வேளையாகப் பிரித்துச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். குமட்டுகிறவருக்குச் சூடான உணவைவிட ஆறிய உணவு எளிதாக இறங்கும், மணம் குறைவல்லவா? கணையம் பழுதானவருக்கு நொதி மாத்திரையை உணவோடு சேர்த்துத் தருவார்கள். இயன்ற அளவு நடக்கவும் வேண்டும். வேலை செய்யாத தசையை உடல் முதலில் இடிக்கிறது. இவை உருக்கத்தின் வேகத்தைக் குறைக்கும். செய்தியை அனுப்பும் கட்டியை அகற்றுவதற்கு ஈடாகா. கட்டியை வெட்டியெடுக்கக் கூடிய கட்டத்திலேயே போய்ச் சேர்வதைவிடப் பெரிய மருந்து இல்லை.

கோரிமேட்டில் ஒரு சோதனை

கட்டி பரவிவிட்டவர்களுக்கு என்ன வழி? இதற்கு ஒரு நல்ல செய்தி மரக்காணத்துக்கு மிக அருகிலிருந்தே வந்திருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஏழை நோயாளிகள் விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கும் இடம் அது.

அங்குள்ள மருத்துவர்கள் ஒலான்சபின் என்னும் மருந்தைச் சோதித்தனர். இது புதிய மருந்தன்று. மனநோய்க்குப் பல ஆண்டுகளாகத் தரப்படும் மலிவான மாத்திரை. அதை உண்பவர்களுக்குப் பசி கூடி உடல் பருக்கிறது என்பது மனநல மருத்துவர்களுக்குப் பெரிய தலைவலி. ஒருவருக்குக் கெடுதலான பக்கவிளைவு இன்னொருவருக்கு மருந்தாகாதா என்பதே கேள்வி. மூளையில் பசியையும் குமட்டலையும் ஆளும் பல பூட்டுகளில் இம்மருந்து போய்ப் பொருந்துகிறது.

இரைப்பை, கல்லீரல், கணையம், பித்தக்குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் புற்று முற்றியவர்கள் 124 பேர் இச்சோதனையில் சேர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இரைப்பைப் புற்று உள்ளவர்கள். எல்லோருக்கும் புற்றுக்கான மருந்துச் சிகிச்சை நடந்தது. அதோடு ஒரு பகுதியினருக்குத் தினமும் 2.5 மில்லிகிராம் ஒலான்சபின். மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒருவர் விருப்பு மற்றவர் கணக்கில் கலந்துவிடாமல் இருக்க இப்படிச் செய்வார்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தார்கள். எடை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடியவர்கள், மருந்து உண்டவர்களில் 58 பேருக்கு 35 பேர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 54 பேருக்கு 5 பேர். பசி நன்றாகத் தேறியவர்கள் முறையே 25 பேரும் 7 பேரும். 2023-இல் இது வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டியில் இம்மருந்தைச் சேர்த்துக் கொண்டது. 2024-இல் ஜிடிஎஃப்-15-ஐக் கட்டிப்போடும் ஊசி மருந்து ஒன்றும் 187 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. உயர்ந்த அளவு பெற்றவர்கள் பன்னிரண்டு வாரத்தில், வெற்று ஊசி பெற்றவர்களைவிடச் சுமார் 2.8 கிலோ கூடினார்கள். அந்த ஊசி ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் செய்யப்பட்டது. ஒலான்சபினோ மருந்துக் கடையில் ஏற்கெனவே இருப்பது. நம் ஊர் நோயாளிக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

மாத்திரை புற்றைக் கொல்வதில்லை. தூக்கம் வரும்; ஆகையால் பெரும்பாலும் இரவில் தருகிறார்கள். பசி இல்லை என்று நாமாக வாங்கி உண்ணும் மாத்திரையும் அன்று. சர்க்கரையை உயர்த்தக் கூடியது. கூடிய எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை எடைக் கருவி பிரித்துச் சொல்லாது. அதற்கு ஸ்கேன் படத்தில் இடுப்புப் பகுதித் தசையின் பரப்பை அளக்கிறார்கள்; கையால் அழுத்தும் ஒரு சிறு கருவியைக் கொடுத்துப் பிடியின் வலுவையும் பார்க்கிறார்கள். உப்புப் பலகையைப் பிடித்திருந்த கைக்கு அந்த இரண்டாவது சோதனை உடனே புரிந்துவிடும்.